ஓவியம் பழகலாம் – 5: அச்சு அசலுக்கு அப்புறம் என்ன?



போன நாலு இதழ்ல முகத்தோட அளவுகள், கட்டம் போட்டு வரையறது, நிழல் கொடுக்கிறது, கண்ணும் முடியும் வரையறதுன்னு வரிசையா பார்த்தோம். படிச்சுட்டு நிறைய பேர் படம் வரைஞ்சு அனுப்பியிருந்தீங்க. பாதிக்கு மேல நல்லாவே வந்திருக்கு. அதுல செகண்ட் இயர் தம்பி ஒருத்தன் படத்தோட ஒரு கேள்வியும் அனுப்பியிருந்தான்.

"அண்ணா, ஃபோட்டோவுல இருக்கிற மாதிரியே வந்துருச்சு. ஆனா என் படத்தையும் ரூம்மேட் படத்தையும் பக்கத்துல வெச்சா எது யார் வரைஞ்சதுன்னு எனக்கே தெரியல. அடுத்து என்ன பண்ணணும்?"

இந்தக் கேள்வி வரணும்னுதான் நாலு மாசமா காத்துக்கிட்டிருந்தேன். ஏன்னா இதே இடத்துல நானும் ரொம்ப நாள் நின்னிருக்கேன். இந்த இதழ் முழுக்க அதுக்கான பதில்தான். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

ஆதார் கார்டு தாத்தா

ஃபர்ஸ்ட் இயர்ல இருந்தே நான் பென்சில் போர்ட்ரெய்ட் ஆர்டர் எடுக்கிறேன். ஏ4 சைஸ் 300 ரூபாய். பர்த்டே கிஃப்ட், ஃபேர்வெல், அப்பா அம்மா கல்யாண நாள்னு மாசம் நாலஞ்சு ஆர்டர் வரும். ஃபோட்டோ மேல கட்டம், பேப்பர் மேல கட்டம், கட்டத்துக்குக் கட்டம் காப்பி. முடிச்சுக் கொடுத்தா எல்லாரும் சொல்றது ஒரே வார்த்தை: "செம மச்சி, அப்படியே இருக்கு!" அந்த "அப்படியே"தான் எனக்குக் கிடைச்ச பெரிய பாராட்டுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.

போன வருஷம் எங்க தாத்தா தவறிட்டாரு. வீட்டுல மாட்ட ஒரு படம் வேணும்னு அப்பா சொன்னாரு. தாத்தாவுக்கு ஃபோட்டோவுக்கு நிக்கவே பிடிக்காது. தேடிப் பார்த்ததுல தெளிவா இருந்தது ஆதார் கார்டுல இருந்த ஃபோட்டோ மட்டும்தான். அதைப் பெருசாக்கி, கட்டம் போட்டு, நாலு ராத்திரி உக்காந்து ஏ3-ல வரைஞ்சேன். மூக்குல இருந்த வடு, புருவத்துல நீட்டிக்கிட்டிருந்த ஒரு முடி வரைக்கும் விடல. அதுவரைக்கும் நான் வரைஞ்சதுலயே அளவு சரியா வந்த படம் அதுதான்.

அப்பத்தாகிட்ட காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்துச்சு.

"நல்லாத்தான்யா இருக்கு. ஆனா ஒங்க தாத்தா எங்க இப்படி நிமிர்ந்து உக்காந்தாக? இது யாருகிட்டயோ கடன் கேட்டு நிக்கிற ஆளு மாதிரில்ல இருக்கு."

அவ்வளவுதான். திட்டல, குறை சொல்லல. ஆனா எனக்கு என்னவோ மாதிரி ஆயிடுச்சு. கட்டத்துக்குக் கட்டம் சரி பார்த்தேன், ஒரு மில்லிமீட்டர்கூட விலகல. அப்புறம் எப்படி அது தாத்தா இல்லாமப் போச்சு?

கேமராமேன் நிமிர்ந்து உக்காரச் சொல்லியிருப்பாரு, தாத்தா உக்காந்திருப்பாரு. கேமரா அந்த ஒரு நொடியைப் பிடிச்சு வெச்சுக்கிச்சு. நான் அந்த நொடியைத்தான் வரைஞ்சிருக்கேன், தாத்தாவை வரையல. அறுபது வருஷம் அவரைப் பார்த்த ஒருத்தரோட கண்ணுக்கு அது உடனே தெரிஞ்சுபோச்சு.

சாயல் எங்கே இருக்கு?

நம்ம இன்ஜினியரிங் புத்தியோடயே இதை யோசிச்சுப் பார்ப்போம்.

1980-களோட தொடக்கத்துல எம்.ஐ.டி.யில படிச்சுக்கிட்டிருந்த சூசன் பிரென்னன் கேலிச்சித்திரம் வரையற ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதினாங்க. அடிப்படை ரொம்ப எளிமை. நிறைய முகங்களோட அளவுகளை வெச்சு ஒரு சராசரி முகம். நாம வரையப்போற ஆளோட முகம் அந்தச் சராசரியில இருந்து எங்கெங்க, எவ்வளவு விலகுதுன்னு கணக்குப் போடணும். அந்த விலகலைப் பெருக்கணும்.

புது முகம் = சராசரி முகம் + கே × (அவர் முகம் – சராசரி முகம்)

கே-யோட மதிப்பு 1 ஆக இருந்தா அச்சு அசல். 0 ஆக இருந்தா சராசரி முகம், அதாவது யாருமே இல்லை. 1-க்கு மேல போகப் போக கேலிச்சித்திரம்.

1987-ல பிரென்னனும் வேற ரெண்டு ஆய்வாளர்களும் சேர்ந்து, நல்லாத் தெரிஞ்ச ஆட்களோட கோட்டுப்படங்களை வெச்சு ஒரு சோதனை செஞ்சாங்க. அளவு பிசகாத படத்தைவிட, விலகலைக் கூட்டி வரைஞ்ச படத்தைத்தான் மக்கள் வேகமா அடையாளம் கண்டுபிடிச்சாங்க. அளவுப்படி பார்த்தா அது "தப்பான" படம். ஆனா ஆளைக் கண்டுபிடிக்க அதுதான் உதவுது. நம்ம மூளை முகங்களை ஞாபகம் வெச்சுக்கிறதுல, மத்தவங்ககிட்ட இருந்து இவர் எங்கே வித்தியாசப்படுறாருங்கிறதுக்கு பெரிய பங்கு இருக்குன்னு இதுல இருந்து புரியுது.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வரேன். ஒரே கே-யை முகம் முழுக்கப் போடுறது கம்ப்யூட்டரோட வேலை. ஓவியர் அப்படிச் செய்யறதில்ல. நெத்திக்கு ஒரு கே, தாடைக்கு இன்னொரு கே, காதைக் கண்டுக்கவே மாட்டாரு. எதைக் கூட்டறது, எதைக் குறைக்கிறது, எதை மொத்தமா விடுறதுன்னு ஒருத்தர் திரும்பத் திரும்ப எடுக்கிற முடிவுகள்தான் நாளடைவில் அவரோட பாணி ஆகுது. இது உருவத்துக்கு மட்டும். கோடு, நிறம், வெளிச்சம்னு இந்தச் சமன்பாட்டுக்கு வெளியே இன்னும் நிறைய முடிவுகள் இருக்கு. கட்டம் போட்டுக் காப்பி எடுக்கும்போது நாம எல்லாத்துக்கும் கே = 1 போட்டுட்டு, முடிவெடுக்கிற பொறுப்பைக் கேமராகிட்ட விட்டுடுறோம். அதனாலதான் உன் படமும் ரூம்மேட் படமும் ஒரே மாதிரி இருக்கு தம்பி. ரெண்டு படத்துலயும் முடிவெடுத்தது ஒரே ஆளு, அந்த ஃபோன்.

ஒரு காந்தி, ரெண்டு கை

இதை நல்லாப் புரிஞ்சுக்க, எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு முகத்தை எடுத்துப்போம். காந்தி.

1930-ல உப்பு சத்தியாகிரகம் நடந்த சமயத்துல சாந்திநிகேதன் ஓவியர் நந்தலால் போஸ் ஒரு லினோகட் செஞ்சார். லினோலியம் ஷீட்டுல உளியால செதுக்கி, மை தடவி, பேப்பர்ல அச்செடுக்கிற முறை. கறுப்புப் பின்னணியில வெள்ளைக் கோடுகளா காந்தி கையில கம்போட நடந்து போறார். நெட்டுல தேடிப் பாருங்க. முகத்துல கோடு ரொம்பக் கம்மி. கண்ணோட விவரம் கிட்டத்தட்ட இல்லவே இல்ல. முகத்தைக் கையால மறைச்சுட்டுப் பார்த்தாலும் அது காந்திதான்னு தெரியும். அந்த நடை, முன்னாடி லேசாச் சாஞ்ச உடம்பு, கம்பு. சாயல் முகத்துல மட்டும் இல்லைங்கிறதுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியல.

இன்னொன்னு நம்ம ஊர் உதாரணம். திருச்சி மாவட்டத்துல பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியில படிச்ச கே.எம். ஆதிமூலம். 1969-ல காந்தி நூற்றாண்டு வந்தபோது காந்தியைக் கோட்டோவியங்களா நூறு அளவுக்கு வரைஞ்சார். பேனாவும் கறுப்பு மையும்தான். கோடுகள் ஒண்ணுமேல ஒண்ணு ஓடி, சுத்தி, பின்னிக்கிட்டு உருவத்தைக் கட்டும். போஸோட காந்தியில அமைதியான வெட்டுக்கோடு. ஆதிமூலத்தோட காந்தியில கோடு துடிச்சுக்கிட்டே இருக்கும். பின்னாடி ஜூனியர் விகடன்ல கி. ராஜநாராயணனோட 'கரிசல் காட்டுக் கடுதாசி' வந்தபோது அதுக்குப் படம் போட்டதும் அவர்தான். கரிசல் மனுஷங்களோட முகத்துலயும் அதே கையைப் பார்க்கலாம்.

வரையப்பட்ட ஆள் ஒருத்தர்தான். ரெண்டு படமும் காந்திதான். ஆனா ஒண்ணை இன்னொருத்தர் போட்டதுன்னு யாரும் தப்பாச் சொல்ல முடியாது. அந்தத் தம்பி கேட்ட கேள்விக்கு நேர் பதில் இதுதான். சாயல் வரையப்படுற ஆளோடது, பாணி வரையறவரோடது. ஒண்ணுக்காக இன்னொண்ணை விட வேண்டியதில்ல.

முகத்தை அழித்த பிக்காஸோ

"பிக்காஸோவுக்கு ஒழுங்கா வரையத் தெரியாது, அதான் கோணல்மாணலா போட்டாரு"ன்னு ஹாஸ்டல்ல யாராவது ஒருத்தர் சொல்லாம இருக்க மாட்டாங்க. பதினஞ்சு பதினாறு வயசுலயே அவர் வரைஞ்ச ரியலிஸ்டிக் ஓவியங்களைப் பார்த்தா அப்படிச் சொல்ல வாய் வராது. அவரோட ஒரு அனுபவம் நம்ம பாடத்துக்கு நேரடியாப் பொருந்தும்.

1905-06-ல பாரிஸ்ல கெர்ட்ரூட் ஸ்டைன்ங்கிற அமெரிக்க எழுத்தாளரை பிக்காஸோ வரைய ஆரம்பிச்சார். கிட்டத்தட்ட தொண்ணூறு தடவை அவர் முன்னாடி உக்காந்ததா ஸ்டைனே பின்னாடி எழுதியிருக்காங்க. உடம்பு வந்துருச்சு, கை வந்துருச்சு, முகம் மட்டும் பிடிபடல. ஒருநாள் பிக்காஸோ முகத்தை மட்டும் அழிச்சுட்டு, படத்தை அப்படியே வெச்சுட்டு, கோடைக்கு ஸ்பெயின்ல இருக்கிற கோசோல்ங்கிற மலைக் கிராமத்துக்குப் போயிட்டார். திரும்பி வந்ததும், ஸ்டைனை மறுபடி உக்கார வெக்காமலேயே, நினைவுல இருந்து முகத்தைப் போட்டு முடிச்சார். பழைய ஐபீரியக் கற்சிலைகள் அவரை அப்போ ரொம்பப் பாதிச்சிருந்தன. அதனால முகம் செதுக்கின முகமூடி மாதிரி, கனமா, ரெண்டு கண்ணும் ஒண்ணுபோல இல்லாம வந்தது. பார்த்தவங்க அது ஸ்டைன் மாதிரி இல்லைன்னாங்க. ஸ்டைனுக்குப் பிடிச்சிருந்தது. கடைசிவரைக்கும் தன்கிட்டயே வெச்சிருந்தாங்க. 1946-ல இறந்தப்போ நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துக்கு எழுதி வெச்சுட்டாங்க. இப்பவும் அங்கேதான் இருக்கு.

இதுல நாம கத்துக்க வேண்டியது ரெண்டு விஷயம். ஒண்ணு, அவர் முதல்ல தொண்ணூறு தடவை பார்த்தார். அப்புறம்தான் பார்க்காம வரைஞ்சார். முதல் பாதியை விட்டுட்டு ரெண்டாவது பாதியை மட்டும் நாம எடுத்துக்கக் கூடாது. ரெண்டு, ஆள் எதிர்ல இருக்கும்போது எல்லா விவரமும் ஒரே நேரத்துல வந்து நிக்கும். விலகிப் போனா முக்கியமானது மட்டும்தான் மனசுல தங்கும். நினைவு நல்ல ஒரு ஃபில்டர்.

பாரிஸிலிருந்து தெற்கே

அடுத்தது அம்ரிதா ஷேர்-கில். 1913-ல புடாபெஸ்ட்ல பிறந்தவங்க. அப்பா பஞ்சாபி, அம்மா ஹங்கேரியர். பதினாறு வயசுல பாரிஸ் போய் அங்கே புகழ்பெற்ற கலைக் கல்லூரியில முறையாப் படிச்சாங்க. 1932-ல வரைஞ்ச 'இளம் பெண்கள்'ங்கிற ஓவியத்துக்கு அடுத்த வருஷம் பாரிஸ் சலோன்ல தங்கப் பதக்கம் கிடைச்சது. தோலோட பளபளப்பு, துணியோட மடிப்பு, வெளிச்சம் எல்லாத்தையும் ஐரோப்பிய முறையில கச்சிதமா வரையத் தெரிஞ்ச கை. அந்தப் படத்தை வரைஞ்சப்போ வயசு இருபதுகூட முழுசா ஆகல. அதாவது நம்ம செகண்ட் இயர் வயசு.

அப்படியே போயிருந்தா பாரிஸ்ல ஒரு நல்ல போர்ட்ரெய்ட் ஓவியரா ஆகியிருக்கலாம். ஆனா 1934 கடைசியில இந்தியா திரும்பினாங்க. 1936-37-ல அஜந்தா குகை ஓவியங்களைப் பார்த்துட்டு, தெற்கே கேரளம், கன்னியாகுமரி வரைக்கும் வந்தாங்க. அதுக்கப்புறம் 1937-ல வரைஞ்ச 'மணப்பெண்ணின் அலங்காரம்', 'பிரம்மச்சாரிகள்', 'சந்தைக்குப் போகும் தென்னிந்தியக் கிராமத்தார்' மூணையும் பழைய படத்தோட பக்கத்துல வெச்சுப் பாருங்க. உருவங்கள் எளிமையாயிடுச்சு. நிழல் குறைஞ்சுடுச்சு. நிறம் பரந்த தட்டையான பரப்புகளா நிக்குது. செம்மண், கரும்பழுப்பு, அதுக்கு நடுவுல வெள்ளை வேட்டி. முகங்கள்ல ஒரு மௌனம்.

கைத்திறமை குறைஞ்சுபோச்சா? இல்ல. இங்க இருக்கிற வெயிலுக்கும் மனுஷங்களுக்கும் பாரிஸ்ல கத்துக்கிட்ட பளபளப்பு பொருந்தலைன்னு தெரிஞ்சு, பதக்கம் வாங்கிக் கொடுத்த விஷயத்தையே குறைச்சுக்கிட்டாங்க. 1941-ல 28 வயசுல இறந்துட்டாங்க. அந்தக் கொஞ்ச காலத்துல இந்திய ஓவியத்துல அவங்க இடத்தை வேற யாரும் நிரப்ப முடியாத அளவுக்கு வேலை செஞ்சுட்டுப் போனாங்க. பாணி வேணும்னா புதுசா எதையாவது சேர்க்கணும்னு நாம நினைக்கிறோம். பல நேரம் நல்லாத் தெரிஞ்ச ஒண்ணை விடுறதுலதான் அது ஆரம்பிக்குது.

அப்போ ரியலிஸம் தப்பா?

கண்டிப்பா இல்ல. கும்பகோணம் பக்கத்துல பிறந்து, அங்கேயே கவின்கலைக் கல்லூரியில படிச்ச ஓவியர் இளையராஜாவை எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். 2021-ல கொரோனா அவரைக் கொண்டுபோயிடுச்சு. அவர் படங்களை ஷேர் பண்ணும்போதெல்லாம் "இது ஃபோட்டோ இல்ல, பெயின்டிங்"னு எழுதித்தான் போடுவாங்க. அந்த அளவுக்கு ரியலிஸம்.

ஆனா பேர் போடாம நாலு படத்தைக் காட்டினா அதுல இளையராஜா எதுன்னு நீங்களே சொல்லிடுவீங்க. எப்படி? இருட்டான ஓட்டு வீட்டு உள்பக்கம், கதவு வழியாவோ ஜன்னல் வழியாவோ பக்கவாட்டுல வர்ற வெளிச்சம், மாநிற முகத்துல அது விழற விதம், பழைய சுவர், வேலைக்கு நடுவுல ஒரு நிமிஷம் நின்ன மாதிரி ஒரு பொண்ணு. யாரை வரையறது, எந்த வெளிச்சத்துல, எந்த நிமிஷத்துல வரையறதுன்னு அவர் எடுத்த முடிவுகள்தான் அவர் பாணி. சிவப்பா இருந்தாத்தான் அழகுன்னு விளம்பரம் போடுற ஊர்ல, கறுத்த முகத்தை அவ்வளவு பொறுமையா வரைஞ்சதும் ஒரு முடிவுதான்.

அதனால பாணின்னா முகத்தைக் கோணலாக்குறது, நீலக் கலர் அடிக்கிறதுன்னு மட்டும் நினைக்காதீங்க. அச்சு அசலா வரைஞ்சாலும் பாணி உண்டு, முடிவு உங்களோடதா இருந்தா.

பயிற்சி: ஒரே முகம், ஏழு நாள்

இனி செய்முறை. நீங்க தினமும் நேர்ல பார்க்கிற ஒருத்தரைத் தேர்ந்தெடுங்க. ரூம்மேட், மெஸ் அண்ணா, அம்மா, யாராவது. நடிகர் வேண்டாம், அவங்களை நாம ஃபோட்டோவுலதான் பார்த்திருக்கோம். அவங்ககிட்ட முன்னாடியே கேட்டுக்கோங்க. தெரியாம வரையறது நாகரிகம் இல்ல.

முதல் நாள்: வழக்கம்போல கட்டம் போட்டு, அளவு பிசகாம ஒரு படம். இது உங்க அடிப்படை அளவு.

ரெண்டாம் நாள்: அதே ஆளை நேர்ல பார்த்து, கட்டம் இல்லாம, 20 நிமிஷத்துல. ஆள் அசையட்டும், பேசட்டும், ஃபோனைப் பார்க்கட்டும். தலை எந்தப் பக்கம் சாயுது, தோள் எப்படி இருக்குன்னு கவனிங்க.

மூணாம் நாள்: பேனாவால, வெறும் 20 கோடு. எண்ணிக்கிட்டே போடுங்க. ரப்பர் கிடையாது. எந்த 20-ங்கிறதுதான் இன்னிக்குப் பாடம்.

நாலாம் நாள்: கண்ணைப் பாதி மூடிப் பாருங்க. விவரம் எல்லாம் போய் வெளிச்சம், நடுத்தரம், இருட்டுன்னு மூணு பகுதியா தெரியும். சார்கோல் துண்டைப் படுக்க வெச்சு அந்த மூணை மட்டும் தேயுங்க. கோடே வேண்டாம்.

அஞ்சாம் நாள்: முகத்தை வரையாதீங்க. முதுகுப் பக்கம் இருந்தோ, தூரத்துல இருந்தோ வரையுங்க. கிளாஸ்ல காட்டி யாருன்னு கேளுங்க. கண்டுபிடிச்சுட்டா சாயல் எங்கே இருக்குன்னு உங்களுக்குப் புரிஞ்சுடுச்சு.

ஆறாம் நாள்: அந்த ஆளைப் பார்க்காம, ஃபோட்டோவும் இல்லாம, நினைவுல இருந்து.

ஏழாம் நாள்: ஆறு படத்தையும் தரையில பரப்பி வெச்சு, உங்களுக்குப் பிடிச்சதுல இருந்து மட்டும் எடுத்துக்கிட்டு ஒரு கடைசிப் படம்.

செலவு அதிகம் இல்ல. ஒரு 6பி பென்சில், ஒரு பெட்டி சார்கோல், ஒரு கறுப்புப் பேனா, ஜெராக்ஸ் கடை ஏ4 பேப்பர் போதும். நல்ல பேப்பர் வாங்கினா "வீணாயிடுமோ"ன்னு பயம் வரும், பயம் வந்தா கை இறுகிடும்.

ஏழு நாளும் முடிஞ்சதும் ஒரு காகிதத்துல மூணு கேள்விக்குப் பதில் எழுதுங்க. எல்லாப் படத்துலயும் எதை நான் பெருசாப் போட்டிருக்கேன்? எதை எல்லாத்துலயும் விட்டிருக்கேன்? எந்த இடத்துல என் கை சந்தோஷமா ஓடியிருக்கு? இதுக்கான பதில்லதான் உங்க பாணியோட விதை இருக்கு. நீங்க அதைக் கண்டுபிடிச்சு வளர்க்கணும், அவ்வளவுதான். இன்னொருத்தரோட இன்ஸ்டா பேஜ்ல இருந்து அதை எடுத்து நட முடியாது.

தப்பா, பாணியா?

ஒரு எச்சரிக்கை. "என் ஸ்டைல் அப்படித்தான் மச்சி"ங்கிறது நம்ம காலேஜ்ல நிறையக் கேட்கிற வசனம். ஒரு கண் மேலயும் ஒரு கண் கீழயும் போயிருக்கும், கேட்டா ஸ்டைல்னு பதில் வரும். அது பாணியா தப்பான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

நான் எனக்கு வெச்சுக்கிட்டிருக்கிற சோதனை ரெண்டு. முதல் சோதனை, அதே படத்தை மறுபடி வரைஞ்சா அந்த விலகல் அதே இடத்துல, அதே பக்கமா வருதா? ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பக்கம் போனா அது கை தடுமாற்றம். லேப்ல ரேண்டம் எர்ரர்னு எழுதுவோமே, அது. ரெண்டாவது சோதனை, கேட்டா என்னால அதைச் சரியாவும் வரைஞ்சு காட்ட முடியுமா? முடியும்னா அது முடிவு. முடியாதுன்னா அது இன்னும் பழக வேண்டிய பாடம். அதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல, இரண்டாவது இதழை எடுத்து மறுபடி பாருங்க.

எதிர்ப்பக்கமும் ஒரு குழி இருக்கு. ஒரு பாணி கிடைச்சதும், லைக் வருதேன்னு, வர்ற எல்லா முகத்தையும் அதே அச்சுல வார்க்க ஆரம்பிச்சுடுவோம். எல்லாருக்கும் ஒரே நீளக் கழுத்து, ஒரே பாதி மூடின கண்ணு. மோடிலியானி கழுத்தை நீட்டினார், பல படங்கள்ல கண்ணுக்குப் பாவைகூட வைக்கல. ஆனாலும் அவர் வரைஞ்ச ஒவ்வொருத்தரும் வேற வேற ஆள்னு தெரியும். பாணி வந்ததும் எதிர்ல உக்காந்திருக்கிற ஆள் காணாமப் போனா, அது முன்னாடி நாம செஞ்ச கட்டம் போட்ட காப்பியைவிட மோசம்.

மறுபடியும் தாத்தா

ஏழு நாள் பயிற்சியை நான் தாத்தாவை வெச்சுச் செய்ய முடியல. அவர் இல்லையே. ஆனா ஆறாம் நாள் வேலையைச் செய்யலாமே. லீவுல ஊருக்குப் போனப்போ ஆதார் ஜெராக்ஸை எடுத்து உள்ள வெச்சுட்டு, அவர் உக்கார்ற திண்ணையில உக்காந்துக்கிட்டு, என்ன ஞாபகம் இருக்குன்னு யோசிச்சேன்.

தாத்தாவுக்கு இடது காது கேட்காது. சின்ன வயசுல பம்ப்செட் ரூம்லயே கிடந்ததால போச்சுன்னு சொல்லுவாரு. யார் பேசினாலும் வலது காதை அவங்க பக்கம் கொண்டுவந்து, தலையைச் சாய்ச்சு, கண்ணை லேசாச் சுருக்குவாரு. நான் நாலாங்கிளாஸ்ல வாங்கின மார்க்கைச் சொன்னப்பவும் அப்படித்தான் கேட்டாரு, காலேஜ்ல மெக்கானிக்கல் கிடைச்சிருச்சுன்னு சொன்னப்பவும் அப்படித்தான் கேட்டாரு. ஆதார் ஃபோட்டோவுல அந்தத் தலை நேரா இருந்துச்சு. அப்பத்தா சொன்னது அதைத்தான்.

சார்கோலை எடுத்தேன். முதல்ல தலையோட சாய்வு, ஒரே கோடு. அப்புறம் காது. அளவைவிடப் பெருசாத்தான் போட்டேன், தெரிஞ்சேதான் போட்டேன். நெத்தியையும் இடது பக்கத்தையும் இருட்டுல விட்டுட்டேன். மூக்கு வடு இல்ல, புருவ முடி இல்ல. முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

அப்பத்தா அரிசி புடைச்சுக்கிட்டிருந்துச்சு. கையைத் துடைச்சுட்டு வாங்கிப் பார்த்துச்சு. இந்தத் தடவை கண்ணாடியைத் தேடல.

"காது இம்புட்டுப் பெருசில்லய்யா" அப்படின்னுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு, "பீடி எங்க? காதுல சொருகியிருப்பாகளே" அப்படின்னுச்சு.

பீடியை வரைஞ்சு கொடுத்தேன். ஆதார் தாத்தா ஃப்ரேம் போட்டு முன் ரூம்ல இருக்காரு, வந்தவங்க எல்லாம் அப்படியே இருக்குன்னு சொல்றாங்க. இன்னொரு தாத்தா அப்பத்தாவோட பெட்டிக்குள்ள, சேலைக்கு நடுவுல இருக்காரு. சார்கோல் சேலையில ஒட்டுமேன்னு சொல்லிட்டேன். மேல ஒரு பாலிதீன் கவரைப் போட்டு வெச்சிருக்கு. ஃபிக்ஸேட்டிவ் அடிச்சுக் கொடுத்திருக்கணும், அது என் தப்பு. நீங்க மறக்காம அடிங்க. மூக்கையும் வாயையும் மூடிக்கிட்டு, காத்தோட்டமான இடத்துல, ஒரு அடி தள்ளி நின்னு, லேசா ரெண்டு மூணு தடவை.

அந்தத் தம்பிக்கு: ரூம்மேட்டையே உக்கார வெச்சு ஏழு நாளும் வரைஞ்சு பாரு. அவனும் உன்னை வரையட்டும். ரெண்டு பேர் படத்தையும் சேர்த்து அனுப்புங்க. எது யாரோடதுன்னு பேர் போடாம அடுத்த இதழ்ல வெளியிடுறோம், வாசகர்கள் கண்டுபிடிக்கட்டும்.

மத்தவங்களும் உங்க ஏழு நாள் படங்களை, கீழே அந்த மூணு கேள்விக்கான பதிலோட, இதழ்க் குழுவுக்கு அனுப்புங்க. அடுத்த இதழ்ல நிறத்துக்குள்ள போவோம். கறுப்பைத் தொடாமலே மாநிறத் தோலை வாட்டர்கலர்ல எப்படிக் கொண்டுவர்றதுன்னு பார்க்கலாம்.